லவினியாவின் ஜெபமும் முன்வரிசை ஆமெனும்

அவைத் தலைமை ஏற்றிருக்கும் போதகர் பிங்காம் அவர்களே! நரைத்த தாடிகளால் முன்வரிசைக்கு நாற்பது வயது கூட்டியிருக்கும் மூப்பர்களே! அடுப்பில் கொதித்த மிளகுச் சூப்பை அப்படியே இறக்கி வைத்துவிட்டு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! பிலடெல்பியாவின் பாடகர் குழுத் தோழர்களே! தொப்பி தைத்துப் பிழைக்கிறவன், ஞாயிறுதோறும் அடித்தொண்டையில் பாடுகிறவன், ஹைரம் போக் வணங்குகிறேன்.

கையிலிருக்கும் தொப்பியைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன். கடைசி வரிசை அம்மையார் சிரிக்கிறார். சிரியுங்கள் அம்மா, பயந்திருப்பது உண்மைதான். ஆறு வாரமாக ஊரே திரண்டு வரும் இசை நாடகத்தில் பயப்படாதவன், இந்த ஆலயக் கூடத்தில் பயப்படுவானேன்? இன்னும் கால் மணியில் வாக்கெடுப்பு! லவினியா கிரேன் நம் பாடகர் குழுவில் நீடிக்கலாம் என்போர் எழுந்து நிற்க வேண்டும். பன்னிரண்டு வயதில் வந்தவள். இந்தக் குழுவைத் தவிர அவளுக்கு வேறு உலகம் தெரியாது. நீங்கள் உட்கார்ந்தே இருந்தால், அவளுடைய உலகம் இன்றோடு முடிந்தது.

அவள் செய்த குற்றம் என்ன? நாடக மேடையில் பொய் ஜெபம் செய்தாளாம். குற்றம் சாட்டியவர் யார்? பெற்ற தகப்பன், மூப்பர் ஒபதயா கிரேன்! அதோ, முன்வரிசையில் கைத்தடியைப் பிடித்துக்கொண்டு என்னை முறைக்கிறாரே, அவரேதான்.

நாடகக் கொட்டகைப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர்கள் நாம். ஆலயப் பாடகர்களே நடிக்கும் நாடகம் என்றதும், பாவமில்லை என்று குடும்பம் குடும்பமாகக் கிளம்பினோம். முதல் நாள் மாலை, முதல் பாட்டு முடிந்தது. கைதட்டல் இல்லை! கீழே எண்ணூறு பேர் கைகட்டி அமர்ந்திருக்கிறார்கள். பாட்டு பிடிக்கவில்லையா? ஆள் பிடிக்கவில்லையா? அப்புறம்தான் உறைத்தது: ஆலயத்தில் பாட்டுக்குக் கைதட்டி யாருக்குப் பழக்கம்?

அடுத்தது புயல் காட்சி. நான் கலங்கரை விளக்கக்காரன். படகோடு காணாமற் போனவன். லவினியா என் மகள். ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் கொட்டிக்கொண்டு, தாடி சொட்டச் சொட்டத் திரையோரம் நிற்கிறேன். அவள் மண்டியிட்டாள். கடலில் இருப்பவனைக் கரைசேர்த்தருளும் என்று பாடினாள். கீழே பார்க்கிறேன்: எண்ணூறு தலையும் குனிந்திருக்கிறது! ஜெபம் என்றதும் தலை தானாகக் குனிகிற சனம் அல்லவா நாம்? பாட்டு முடிந்த நொடியில், முன்வரிசையிலிருந்து கணீரென்று ஒரு குரல்: "ஆமென்!"

மூப்பர் கிரேனின் குரல்! பிடில்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். மாடியில் சிலர் சிரித்தார்கள். அவள் எழுந்தால்தான் நான் உள்ளே நுழைய முடியும். எழவில்லை. பத்து எண்ணினேன், இருபது எண்ணினேன். போச்சு, நாடகம் கவிழ்ந்தது என்றே நினைத்தேன். முப்பதாவது எண்ணில் எழுந்தாள், பாடினாள், பிழைத்தோம்.

மறுநாள் சந்தையில் சிப்பி விற்பவன் சொன்னானாம்: "என்ன கிரேன் ஐயா, சிப்பி நேத்துப் பிடிச்சது. கெடாம இருக்க ஒரு ஆமென் சொல்லிட்டு எடுத்துக்கங்க." ரொட்டிக் கடையிலும் அதே கிண்டல். மானம் போயிற்று என்று மனிதர் குமுறினார். அந்த வாரமே குற்றச்சாட்டு வந்தது.

ஏனம்மா அன்று எழவில்லை என்று லவினியாவைக் கேட்டேன். அவள் சொன்னதை இங்கே சொன்னால் ஒரு மாதம் என்னோடு பேசமாட்டாள். பேசாவிட்டால் போகட்டும், சொல்லிவிடுகிறேன்.

"ஜோயலுக்காகத்தான் கேட்டேன் மாமா. ஏழு மாசமா அவன்கிட்டேர்ந்து கடுதாசி இல்ல. வீட்ல அவன் பேரை எடுத்தாலே அப்பா தட்டைத் தள்ளிட்டு எழுந்து போயிடுவாரு. வாய்விட்டுக் கேக்க எனக்கு வேற எடம் ஏது? அப்பாவே ஆமென் சொன்னதும் காலு எழும்பல."

ஜோயல் யார்? இவளுடைய அண்ணன், தகப்பன் சொல் கேளாமல் திமிங்கில வேட்டைக் கப்பலேறிப் போனவன். இப்போது சொல்லுங்கள் சபையோரே! அந்த ஜெபமா பொய்? அது பொய்யென்றால் அந்த ஆமென்? மேடையில் மண்டியிட்ட மகளைத் தண்டிப்பீர்கள். இருக்கையில் இருந்தபடி அதே வரத்தைக் கேட்ட தகப்பனை என்ன செய்வீர்கள்? கொட்டகையில் கேட்டால் கர்த்தருக்குக் காது கேட்காதா? சாயம் பூசிய கன்னத்தில் வழிந்தால் கண்ணீர் கண்ணீரில்லையா?

எனக்குப் பயமாக இருக்கிறது, மறைக்கவில்லை. இவ்வளவு நேரம் செவிமடுத்த தலைவருக்கும், மூப்பர்களுக்கும், தாய்மார்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. தலைவர் வாக்கெடுப்பைத் தொட...

கிரேன் ஐயா! தலைவர் இன்னும் அழைக்கவில்லையே, எழுந்துவிட்டீர்கள்? மகன் பெயரைச் சொன்னதற்காகப் போகிறீர்களா? போகாதீர்கள் ஐயா. உங்களைப் புண்படுத்த நான் சொல்லவில்லை.

இல்லை, போகவில்லை. நிற்கிறார். உதடு அசைகிறது. என்ன ஐயா, ஜோயல் என்றா சொன்னீர்கள்? அன்று கொட்டகைக்கே கேட்ட குரல் அது. உரக்கச் சொல்லுங்கள், வாசலோரம் உங்கள் மகள் நிற்கிறாள், அவளுக்குக் கேட்கட்டும்.

அனைவருக்கும் வணக்கம். சபையோரே, எழுந்து நில்லுங்கள். கடலில் இருக்கும் பிள்ளைக்காக ஜெபிப்போம்.