நானோ வந்த வெள்ளிக்கிழமை

ஜும்ஆத் தொழுகைக்குப் போய்வந்து சோறு தின்றால், பிறகு எனக்கு வேலை ஓடாது, சேர். முக்கால்வாசிப் பேருக்கும் அப்படித்தான்.

கற்பிட்டியில் எங்கள் மீனவர் சங்கத்துக் கம்ப்யூட்டர் சேவரை ஏழு வருடமாகப் பார்த்துவந்தவன் நான். பெயர் மிஹ்லார். லினக்ஸ் சேவர். காற்று எச்சரிக்கை வந்தால் நானூறு படகுக்காரர்களுக்குத் தானாகவே மெசேஜ் அனுப்பும். அதில் ஓர் எழுத்தைத் திருத்துவதென்றாலும் விஐ என்ற எடிட்டர்தான். உள்ளே போனவர் வெளியே வருவதற்கே கட்டளை தெரிந்திருக்க வேண்டும். அது எனக்கு மட்டும் தெரியும். செயலாளர் ஹிஸ்புல்லா ஹாஜியாரே ஒரு நம்பரை மாற்ற என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து, நான் தேத்தண்ணி குடித்து முடியும்வரை நிற்பார். நல்ல ஏற்பாடு.

பிறகு ஃபஸ்னா வேலைக்கு வந்தாள். புத்தளத்துப் பிள்ளை, மரியாதை தெரிந்தவள். நானோ என்று இலகுவான எடிட்டர் இருக்கிறதாம், போடுவோமா என்று மூன்று தடவை கேட்டாள். பாதுகாப்பில்லை என்றேன். என்ன பாதுகாப்பு என்று அவள் கேட்காதது என் அதிர்ஷ்டம்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் பள்ளிவாசலிலிருந்து திரும்பியபோது, ஹாஜியார் தானே ஒரு நம்பரைத் திருத்திவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அவரிடம் அனுமதி வாங்கி, ஒரே வரிக் கட்டளையில் நானோவை நிறுவியிருந்தாள் ஃபஸ்னா.

"இனி உங்களக் கரச்சல் படுத்தத் தேவையில்ல நானா" என்றாள். நானா என்றால் எங்கள் ஆட்களுக்கு அண்ணன், சேர். அன்பாகத்தான் சொன்னாள்.

நானா இருந்த இடத்தில் நானோ.

சின்னப் பாடம் ஒன்று தேவைப்பட்டது. அவளுடைய கடவுச்சொல்லை அமைத்துக் கொடுத்ததே நான்தான். திங்கள் காலை அவள் வருமுன் அவள் பெயரில் நுழைந்து, அவளுடைய நானோவிலேயே, மெசேஜ் அனுப்பும் வரிக்கு முன்னால் ஒரு # போட்டேன். அந்தக் குறி இருந்தால் இயந்திரம் அந்த வரியைக் கண்டுகொள்ளாது. நானோ உண்மையிலேயே இலகுதான். அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பத்து மணிக்குக் கடுங்காற்று எச்சரிக்கை வந்தது. சேவர் பேசாமல் இருந்தது. படகுகள் மூன்று மணிக்குத்தானே இறங்கும், எனக்கும் அவசரமில்லை. ஒரு மணிபோல ஃபஸ்னா திரும்பிப் பார்த்தாள்.

"நானா, மெசேஜ் எல்லாருக்கும் போயிருக்குமா?"

"உங்கட நானோவக் கேளுங்க."

சிரித்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.

மற்றவர்கள் வானத்தைப் பார்த்துப் படகை இறக்கவில்லை. குறிஞ்சிப்பிட்டி அன்ரன் எங்கள் மெசேஜை நம்புகிற மனிதர். மருமகனையும் கூட்டிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் படகு மட்டும் கவிழ்ந்தபடி கரைக்கு வந்தது.

அந்தக் குறி தன் பெயரில் பதிவாகியிருந்ததால், தன் கைப்பிழைதான் என்று ஃபஸ்னா அழுதாள். வேலையையும் விட்டாள். நான்தான் ஆறுதல் சொல்லி பஸ் ஏற்றிவிட்டேன். நானோவை அகற்றச் சொன்னார்கள், அகற்றினேன். ஹாஜியார் மறுபடி என் கதிரைக்குப் பக்கத்தில் நிற்கத் தொடங்கினார்.

அந்தக் குறி விழுந்த நேரத்தில் ஃபஸ்னா இன்னும் வேலைக்கு வரும் பஸ்ஸில் இருந்ததைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். நல்ல வேலை, சேர். நான் மறுக்கவில்லை. போட்டதும் நான். ஐந்து மணித்தியாலம் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்ததும் நான். ஆனால் கொலை என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தப் பிள்ளை இன்னொரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.