நீச்சல் குளத்தின் விளிம்பில் பத்தொன்பது ஆண்டுகள்

விசில் ஒன்றால் விடியலை எழுப்பியவரே! வெயிலோடும் வேர்வையோடும் விளையாட்டாய் வாழ்ந்தவரே! வலைப்பந்துக்கு வளையமும், வாத்தியக் குழுவுக்கு வரிசையும், வாய் திறக்க அஞ்சிய வகுப்புகளுக்கு வாதாட ஒரு மேடையும் வகுத்தளித்த வல்லவரே! முப்பத்துமூன்று ஆண்டுகள் எங்கள் பள்ளி முற்றத்தில் முதல் ஆளாய் வந்து நின்று, கடைசி ஆளாய்ப் பந்துகளை எண்ணிப் பூட்டிவிட்டு வீடு திரும்பிய உடற்கல்வி ஆசிரியை அவர்களே! பணி நிறைவு பெறும் இந்நாளில் தங்கள் உடன் பணியாற்றுவோர் அனைவரும் எழுந்து நின்று தங்களை வணங்குகிறோம்.

இன்னும் இருபது அடைமொழி எழுதி வைத்திருந்தோம். நான்காவதற்கே தாங்கள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிடுவீர்கள் என்று கணக்கு ஆசிரியை அடித்துச் சொன்னதால் நிறுத்திக்கொண்டோம். சென்ற வாரமே ஆசிரியர் அறையில் தாங்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டீர்கள்: "என் மூஞ்சிக்கு நேரா என்னைப் புகழ்ந்து வாசிச்சீங்கன்னா எழுந்து போயிடுவேன், இப்பவே சொல்லிட்டேன்." தங்கள் சொல்லை மீறும் துணிச்சல் எங்களில் ஒருவருக்கும் இதுவரை வந்ததில்லை. ஆகவே ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். இனி வாசிக்கப்போவது வேறு யாரோ ஓர் உடற்கல்வி ஆசிரியையின் கதை. தாங்கள் பாட்டுக்குப் பழச்சாற்றைக் குடித்துக்கொண்டிருங்கள்.

அந்த ஆசிரியை வந்து சேர்ந்த நாளில் பள்ளியின் விளையாட்டுத் துறை என்பது ஒரு பந்தும், அதைப் பூட்டி வைக்க ஓர் அலமாரியும்தான். சாவி கன்னியர் மடத்தில் இருந்தது. பெண் பிள்ளைகள் ஓடினால் ரிப்பன் அவிழும், ரிப்பன் அவிழ்ந்தால் ஒழுக்கம் அவிழும் என்று பெரியவர்கள் மனமார நம்பிய காலம் அது. ஆறே மாதத்தில் சாவி ஆசிரியையின் கைக்கு வந்தது. வலைப்பந்து வந்தது. முரசு கொட்டும் வாத்தியக் குழு வந்தது. சனிக்கிழமை தோறும் விவாத மன்றம் வந்தது. அதில் முதல் மூன்று வாரமும் பேச்சாளர்கள் அழுதார்கள், நான்காம் வாரம் நடுவர் அழுதார். நாடக விழாவில் வானதூதருக்கு இறக்கை ஒடிந்தபோது ஹாக்கி மட்டையை முட்டுக் கொடுத்துக் கட்டி மேடைக்கு அனுப்பியவரும் அவர்தான். இவ்வளவும் செய்துவிட்டு, ஆண்டறிக்கையில் தம் பெயர் வந்த வரியை அடித்துவிட்டுக் கொடுப்பார்.

அவருடைய பதினான்காம் ஆண்டில், பழைய மாணவி ஒருவர் தம் தாயின் நினைவாகப் பள்ளிக்கு நீச்சல் குளம் கட்டிக் கொடுத்தார். சலவை அறைக்குப் பின்னால், இருபத்தைந்து மீட்டர் நீளம். ஒரு முனையில் நெஞ்சளவு தண்ணீர், மறு முனையில் ஆளை மூழ்கடிக்கும் ஆழம். வெளியிலிருந்து வந்த பயிற்சியாளர் இரண்டே மாதத்தில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார்.

ஆசிரியர் கூட்டத்தில் தலைமைச் சகோதரி கேட்டார்: "இனிமே நீச்சல் வகுப்பை யார் பார்த்துக்கப் போறீங்க? ஆள் இல்லன்னா தார்ப்பாய் போட்டு மூடிட வேண்டியதுதான்."

அறையிலிருந்த அத்தனை தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. உடற்கல்வி ஆசிரியைக்கு நீந்தத் தெரியுமா என்று கேட்கவேண்டும் என எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சமையல்காரரைப் பார்த்து உலை வைக்கத் தெரியுமா என்று யாராவது கேட்பார்களா? ஆசிரியை ஒரு கணம் கூரையைப் பார்த்தார். "சரி சிஸ்டர், நான் பார்த்துக்கிறேன்" என்றார்.

அவருக்கு நீந்தத் தெரியாது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினாலே அவருக்கு மூச்சு முட்டும்.

நீச்சலைப் பற்றிப் படம் போட்ட புத்தகம் நூலகத்தில் ஒன்றே ஒன்று இருந்தது. அதை அவர் நான்காம் முறையாக எடுக்க வந்தபோது, நூலகத்தைக் கவனித்துக்கொண்ட சகோதரி மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"உனக்கு நீந்தத் தெரியாதா?"

"சத்தமா பேசாதீங்க சிஸ்டர்."

நூலகச் சகோதரி மீனவர் வீட்டுப் பெண். ஓடத் தெரியும் முன்பே நீந்தியவர். அன்று இருவருக்குள்ளும் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. வகுப்பு நடக்கும் நேரமெல்லாம் சகோதரி ஆழமான முனையில் நாற்காலி போட்டு, மடியில் செபப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார். காற்று வாங்க வருகிறார் என்று நாங்கள் நினைத்தோம். அங்கிக்கு உள்ளே நீச்சல் உடையோடுதான் உட்கார்ந்திருந்தார் என்பது வெகு நாள் கழித்தே எங்களுக்குத் தெரிந்தது. சகோதரி நாற்காலியில் இல்லாமல் ஒரு பிள்ளையும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்பது ஆசிரியை தமக்குத் தாமே போட்டுக்கொண்ட விதி.

பிறகு நடந்ததை, காரணம் தெரியாமலே, நாங்கள் வாய் பிளந்து பார்த்தோம். விளையாட்டுச் சாமான் அறையில் ஒரு நீளப் பெஞ்சின் மேல் குப்புறப் படுத்து, கை எப்படி வீச வேண்டும், கால் எப்படி உதைக்க வேண்டும், மூச்சு எப்போது விட வேண்டும் என்று தாமே பழகினார். பிறகு பிள்ளைகளையும் அதே பெஞ்சில் படுக்க வைத்தார். தண்ணீருக்கு அழைத்துப் போகும் முன் ஒவ்வொருத்தியையும் தனியே நிறுத்தி, "உனக்கு எது பயம்? பொதுவா சொல்லாதே, சரியா சொல்லு" என்பார். காதுக்குள் போன தண்ணீர் திரும்பி வராது என்றாள் ஒருத்தி. கால் தரையை விட்டதும் அடியில் எதுவோ பிடித்து இழுக்கும் என்றாள் இன்னொருத்தி. ஆசிரியை ஒருத்தியையும் பார்த்துச் சிரிக்கவில்லை. அந்தப் பயங்கள் எல்லாம் அவருக்கு அத்துப்படி.

மூழ்குகிறவரை மீட்கும் பாடத்தில், மூழ்கியவராக நடிக்கும் பாக்கியம் கணக்கு ஆசிரியைக்கு வாய்த்தது. பின்னாலிருந்து தாடையைப் பிடித்து, சாமான் அறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை பிள்ளைகள் அவரைத் தரையோடு இழுத்துப் போவார்கள். உடுப்பு கிழிந்த கதையை அவர் இன்றும் கேட்காதவர்களுக்கும் சொல்வார். மூன்றாம் ஆண்டிலேயே பள்ளிகளுக்கு இடையேயான போட்டியில் எங்கள் பிள்ளைகள் கேடயத்தோடு திரும்பினார்கள். கரையிலிருந்து கைகாட்டியே ஒருவர் இத்தனை பேரை நீந்தவைத்தார் என்பதை இப்போது நினைத்தாலும் எங்களுக்கு உடல் சிலிர்க்கிறது.

குளம் வந்து ஏழாம் ஆண்டு. போட்டிக்கு நான்கே நாள் இருக்கையில் நூலகச் சகோதரி காய்ச்சலில் படுத்துவிட்டார். ஒரு நாள் பயிற்சி போனால் தொடர் நீச்சல் அணி தோற்றுவிடும் என்று ஆசிரியைக்குத் தோன்றியது. ஒரு மணி நேரம்தானே என்று மனத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டு, தாம் போட்ட விதியைத் தாமே மீறினார். பாராட்டு மடலில் குற்றம் எழுதும் வழக்கம் இல்லைதான். ஆனால் இதை விட்டுவிட்டு எழுதினால் தாங்கள் நாளைக்கே மடலைத் திருப்பி அனுப்புவீர்கள். மன்னிக்கவும், அந்த ஆசிரியை திருப்பி அனுப்புவார்.

அணியின் மூன்றாம் ஆள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. தரையில் ஆடி அசைந்து நடப்பாள் என்பதால் 'நத்தை' என்று பெயர். தண்ணீரில் அவளைப் பிடிக்க ஆள் கிடையாது. ஆழமான முனையில் குதித்த நத்தைக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ஒரு முறை மேலே வந்தாள். மறு முறை வரவில்லை. அணியின் மற்ற மூவரும் எதிர் முனையில் இருந்தார்கள். ஆசிரியை நீட்டிய மூங்கில் கழியை அவள் பிடிக்கவில்லை. அடுத்த நொடி, கழுத்தில் விசிலும் காலில் ஷூவுமாக ஆசிரியை குதித்தார்.

குதித்தவர் நேரே அடிக்குப் போனார். அடியில் கால் ஊன்றி நின்று, நத்தையின் கால்கள் இரண்டையும் பிடித்துத் தம் தலைக்கு மேலே தூக்கினார். நத்தையின் முகம் தண்ணீருக்கு வெளியே வந்தது. விளிம்பும் அவள் கைக்கு எட்டியது. கீழே தூக்கிய கைகள் மெல்லத் தளர்ந்தன. அதற்குள் மூன்று பிள்ளைகளும் குளத்தின் முழு நீளத்தையும் நீந்தி வந்துவிட்டார்கள். ஒருத்தி நத்தையைக் கரையேற்றினாள். இருவர் முங்கி ஆசிரியையை மேலே கொண்டுவந்து, பின்னாலிருந்து தாடையைப் பிடித்து, பெஞ்சில் படித்த பாடம் ஒரு வரி பிசகாமல் கரை சேர்த்தார்கள்.

இருமி இருமித் தண்ணீரைத் துப்பியதும் ஆசிரியை முதலில் சொன்னது, "எத்தனை பேர் இருக்கீங்க? எண்ணுங்க." எண்ணினார்கள். நால்வரும் இருந்தார்கள். "தாடையை நல்லாத்தான் பிடிச்சே. முழங்கையை இன்னும் கொஞ்சம் நீட்டணும்" என்று தம்மைக் காப்பாற்றிய இருவரில் ஒருத்தியிடம் சொன்னார்.

நத்தைதான் நடுங்கிக்கொண்டே கேட்டாள்: "மிஸ், உங்களுக்கு நீந்தவே தெரியாதா?"

"தெரியாதும்மா."

அன்று மாலையே ராஜினாமாக் கடிதம் தலைமைச் சகோதரியின் மேசைக்குப் போனது. பெற்றோரைக் கூட்டி நடந்ததை எல்லாம் தாமே சொல்ல வேண்டும் என்றும் ஆசிரியை கேட்டார். அவருக்கு வேலை போய்விடும், குளத்துக்குத் தார்ப்பாய் வந்துவிடும் என்று நாங்கள் முடிவே கட்டிவிட்டோம். நூலகச் சகோதரி காய்ச்சலோடு எழுந்து வந்து சிற்றாலயத்தில் முழங்காலிட்டிருந்தார்.

மண்டபத்தில் உட்கார இடமில்லை. "ஏழு வருஷமா எங்களை ஏமாத்தியிருக்கீங்க" என்று ஒரு தகப்பனார் கத்தினார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆசிரியை எழுந்து நின்றார். "நான் பண்ணினது ரெண்டு தப்பு. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லாதது ஒண்ணு. அன்னைக்கு சிஸ்டர் இல்லாம பிள்ளைங்களை இறக்கினது இன்னொண்ணு. முதல் தப்பை மன்னிச்சாலும் ரெண்டாவதை மன்னிக்காதீங்க" என்றார்.

நத்தையின் தாய் தையற்காரர். கழுத்தில் அளவு நாடாவோடு கடையிலிருந்து நேரே வந்திருந்தார். கடைசி வரிசையிலிருந்து எழுந்தார்.

"நீந்தத் தெரியாதுன்னு தெரிஞ்சும் எதுக்கு டீச்சர் குதிச்சீங்க?"

"யோசிக்கலைங்க."

"யோசிச்சிருந்தா?"

ஆசிரியை நிஜமாகவே யோசித்தார்.

"யோசிச்சிருந்தா ஷூவைக் கழட்டிட்டுக் குதிச்சிருப்பேன்."

சிரித்தவர்கள் பலர், சிரிக்கத் தொடங்கி அழுகையில் முடித்தவர்களும் உண்டு. தாய் மட்டும் சிரிக்கவில்லை. "உங்க மேல எனக்குக் கோவம் இருக்கு. அது சீக்கிரத்துல போகாது. ஆனா என் பொண்ணு இங்கதான் நீந்துவா, நீங்கதான் சொல்லிக் குடுக்கணும். ஒண்ணு மட்டும், தண்ணிக்குள்ள நீந்தத் தெரிஞ்ச ஆள் எப்பவும் ஒருத்தர் நிக்கணும்" என்றார். அதற்குப் பிறகு அந்தத் தகப்பனாரும் உட்கார்ந்துவிட்டார்.

தலைமைச் சகோதரி ராஜினாமாவை ஏற்கவில்லை. "ஒரு பருவம் முழுக்க நீங்க குளத்துப் பக்கமே போகக் கூடாது. அதுதான் தண்டனை" என்றார். அந்த ஆண்டு எங்கள் பள்ளி போட்டிக்குப் போகவில்லை. ஆசிரியை ஒரு பருவம் முழுவதும் சலவை அறைப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

அதன் பிறகு உயிர்காப்பாளராக ஓர் இளம்பெண் வந்து சேர்ந்தார். வந்த வாரமே, "பதினஞ்சே நாள், உங்களுக்கு நான் கத்துக் குடுத்துடறேன் டீச்சர்" என்றார். ஆசிரியை மாட்டேன் என்றுவிட்டார். ஆண்டுதோறும் கேட்டும் அதே பதில். வீம்பு என்றுதான் நாங்கள் பேசிக்கொண்டோம். காரணத்தை அவர் நூலகச் சகோதரியிடம் மட்டும் சொல்லியிருந்தார். சகோதரி அதை எங்களிடம் சொன்னது போன மாதம்தான்.

"எனக்கு நீந்த வந்துட்டா, விளிம்புல நிக்கிற பிள்ளைக்கு முழங்கால் ஏன் நடுங்குதுன்னு எனக்கு மறந்துடும் சிஸ்டர். அப்புறம் நானும் 'என்ன பயம், குதி'ன்னு கத்த ஆரம்பிச்சுடுவேன்."

"பைத்தியக்காரி" என்று சகோதரி திட்டினாராம்.

அம்மையீர்! இனியும் வேறு யாரோ என்று நடிப்பானேன்? தண்ணீருக்கு அடியில் ஒரு முறை மூச்சு அடங்கப்போன பிறகும், பன்னிரண்டு ஆண்டுகள், வகுப்பு உள்ள ஒவ்வொரு காலையும், தாங்கள் அதே விளிம்பில் வந்து நின்றீர்கள். பிள்ளைகளின் பயத்தைப் புரிந்துகொள்வதற்காகத் தங்கள் பயத்தைத் தீரவிடாமல் வைத்திருந்தீர்கள். தொள்ளாயிரத்துச் சொச்சம் பெண்கள் தங்கள் முன்னால் நடுங்கி நின்று, பிறகு நீந்திப் போனார்கள். அவர்களில் ஒருத்தியைக்கூடத் தாங்கள் தள்ளிவிட்டதில்லை, அதட்டியதில்லை. உடன் இருந்தும் இதை அறியாமல் இருந்தோமே என்று வெட்கப்படுகிறோம். இத்தகைய ஒருவரோடு ஒரே அறையில் உட்கார்ந்து தேநீர் குடித்தோமே என்று மலைத்து நிற்கிறோம்.

நேற்றுத் தங்கள் கடைசி வகுப்பு முடிந்தது. ஆறாம் வகுப்பின் கடைசிப் பிள்ளையும் விளிம்பை விட்டுவிட்டாள். அந்த நடுக்கத்தை இனித் தாங்கள் மறந்துவிடலாம்.

ஆகவே வரும் திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு, நெஞ்சளவு முனையில், தங்களுக்கு முதல் வகுப்பு. உயிர்காப்பாளர் ஒப்புக்கொண்டுவிட்டார், தலைமைச் சகோதரி கையெழுத்துப் போட்டுவிட்டார். தனியே இறங்க வேண்டியிருக்குமோ என்று கவலைப்படவேண்டாம். எங்கள் இருபத்துமூன்று பேரில் பத்தொன்பது பேருக்கு நீந்தத் தெரியாது. கௌரவம் பார்த்து இத்தனை ஆண்டு வெளியே சொல்லவில்லை. நாங்கள் பத்தொன்பது பேரும் தங்களோடு இறங்குகிறோம். கணக்கு ஆசிரியை இப்போதே கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டிருக்கிறார்.

எல்லாம் வல்ல இறைவன் தங்களுக்கு நீண்ட ஆயுளும், நோயற்ற உடலும், நெஞ்சு நிறைய மூச்சும் அருள்வாராக! துண்டு நாங்கள் கொண்டு வருகிறோம். தாங்கள் வந்தால் போதும்.

இங்ஙனம்,
நீந்தத் தெரிந்த நால்வரும்,
திங்கட்கிழமை தங்கள் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடுங்கப்போகும் பத்தொன்பது பேரும்