ராஜதுரையின் இஞ்சி சோடா

ஈரல் வறுவலுக்கு மிளகைக் கடைசியில்தான் தூவ வேண்டும். முதலிலேயே போட்டால் கருகிக் கசந்துவிடும். அரியலூர் கடைத்தெரு தேக்குத்தூண் பாருக்கு நான் இருபத்திரண்டு வருடமாகப் போய்வருவதற்கு முதல் காரணம் அந்த வறுவல்தான், சார். குடியெல்லாம் அதற்கு அப்புறம். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். வெளியே என்னை மொடாக்குடியன் என்று பேசுகிறார்களாம்.

அந்தக் கட்டடத்துக்கு எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. பர்மாவில் சம்பாதித்தவர் ஒருவர் நெல் மண்டியாகக் கட்டியது. பிறகு சாராயக்கடை, பிராந்திக்கடை, இப்போது பார். எத்தனையோ உத்தரவு வந்தது, எத்தனையோ மறியல் நடந்தது, அந்த நான்கு தூண்களை ஒருவராலும் அசைக்க முடியவில்லை. இரண்டாவது தூணை ஒட்டிய மேசை எனக்கும் ராஜதுரைக்கும். இருவரும் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை திறந்ததும் உட்கார்ந்தால் மூன்று மணிக்குத்தான் எழுவோம். கட்டிய பெண்டாட்டியோடுகூட நான் அவ்வளவு பேசியதில்லை. அவள் என்னை விட்டுப் போனது வேறு கதை.

போன ஆடியில் ராஜதுரைக்கு வயிறு வீங்கியது. கல்லீரல் சுருங்கிவிட்டது, இனி குடித்தால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவன் மனைவி அம்பிகா, திருமானூர்ப் பக்கம் ஒரு முனியப்பன் கோயிலுக்கு அழைத்துப்போய்க் கயிறு கட்டிவிட்டாள். உங்களுக்குத் தெரியாததில்லை. இனி தொடமாட்டேன் என்று சாமி முன்னால் சத்தியம் செய்ய வேண்டும், பூசாரி மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டுவார். கயிற்றோடு குடிப்பவன் ரத்தம் கக்கிச் சாவான் என்று எங்கள் பக்கம் நம்புகிறார்கள். நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். மூன்றாம் மாதமே கயிற்றை அவிழ்த்து வைத்துவிட்டுக் கடைக்கு வந்துவிடுவார்கள். ராஜதுரை அவிழ்க்கிற ஆளாகத் தெரியவில்லை. எனக்கு அதுதான் பிரச்சினை.

ஏழு ஞாயிறு தனியாக உட்கார்ந்தேன். எதிர் நாற்காலியில் யார் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். ஒருவன் கேட்காமலே என் தட்டிலிருந்து எடுத்துத் தின்றான். எட்டாவது வாரம் ராஜதுரையின் வீட்டுக்கே போய், நீ குடிக்க வேண்டாம், வறுவல் சாப்பிட்டுவிட்டுப் பேசிவிட்டு வரலாம் என்று கூப்பிட்டேன். அவன் அம்பிகாவின் முகத்தைப் பார்த்தான்.

“நீங்க கூட இருக்கீங்கன்னுதாண்ணே அனுப்புறேன். கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுப் பாத்துக்குங்க” என்றாள் அவள்.

பார்த்துக்கொண்டேன். அன்றைக்கு அவன் வெறும் சோடா குடித்தான். ஆனால் வந்திருந்தது ராஜதுரை இல்லை. மணிக்கட்டைத் தடவிக்கொண்டு கடிகாரத்தையே பார்த்த யாரோ ஒரு ஆள். மாத்திரையைப் பற்றிப் பேசினான், மகள் நந்தினியின் காலேஜைப் பற்றிப் பேசினான், அரை மணி நேரத்தில் எழுந்துவிட்டான். எனக்கு ஆத்திரம் வந்தது. இருபத்திரண்டு வருடப் பழக்கத்தை ஒரு சாண் கயிற்றால் கட்டி மூலையில் போட்டுவிட்டார்கள்.

அடுத்த வாரம் அவன் கை கழுவப் போன நேரத்தில் சோடாவில் ஓட்காவைக் கலந்தேன். அதற்கு நிறம் கிடையாது. வாசத்தை மறைக்க எலுமிச்சை, உப்பு, இடித்த இஞ்சி. முதலில் இரண்டு மூடிதான் ஊற்றினேன், வாராவாரம் கொஞ்சம் கூட்டினேன்.

“என்னடா இவ்ளோ காரமா இருக்கு?” என்று கேட்டான்.

“இஞ்சிடா. வவுத்துக்கு நல்லது” என்றேன்.

மூன்றாவது வாரம் பழையபடி மேசையைத் தட்டிச் சிரித்தான். “என்னமோ தெரியல மாப்ள, எங்க வூட்ல கூட மனசு இப்பிடி லேசா இருக்க மாட்டேங்குது. இந்த எடத்துல என்னமோ இருக்குடா” என்றான். அதைக் கேட்ட பிறகு எப்படி நிறுத்துவது? நீங்களாக இருந்தால் நிறுத்தியிருப்பீர்களா?

பாரில் வறுவல் போடும் பொன்னாயி, நான் ஊற்றியதைப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறாள். உண்மைதான். ஆனால் தெரிந்து குடித்தால்தானே சத்தியம் கெடும்? அவனுக்குத் தெரியாது. பாவம் முழுக்க என் தலையில். அவன் சத்தியத்தையும் காப்பாற்றி, அவன் சிரிப்பையும் மீட்டுக் கொடுத்தேன். வேறு எந்தச் சினேகிதன் செய்வான்? டாக்டர் சொன்னதை நான் மறக்கவில்லை. டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்தேன்.

நான் கலக்கத் தொடங்கிய பதினோராவது வாரம், திங்கட்கிழமை காலையில், ராஜதுரை ரத்த வாந்தி எடுத்தான். ஆம்புலன்ஸில் நானும் ஏறிக்கொண்டேன். குடித்தாரா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். இல்லை என்று தலையாட்டினான். அம்பிகா அவன் கையில் இருந்த கயிற்றைப் பார்த்தாள், சட்டையில் இருந்த ரத்தத்தைப் பார்த்தாள். அவளுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

“சாமி காட்டிக் குடுத்துருச்சு. எனக்குத் தெரியாம குடிச்சிருக்கீங்க.”

“எம்புள்ள மேல சத்தியமா தொடலடி. வெள்ளைச்சாமி, நீதானடா கூட இருந்த? இவகிட்டச் சொல்லுடா.”

இந்த இடத்தைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அவன் குடிக்கவில்லை என்று நான் சொன்னால், பிறகு இது எப்படி என்று அடுத்த கேள்வி வரும். அதனால் அம்பிகாவிடம், “என் கண்ணுல மண்ணத் தூவிட்டுக் குடிச்சிட்டாம்மா. நா என்ன பண்ணுவேன்?” என்றேன்.

அம்பிகா அவன் கையைப் பிடித்திருந்த தன் கையை உருவிக்கொண்டாள். நந்தினியை இழுத்துக்கொண்டு வெளியே போனாள். அதற்குப் பிறகு அவன் உயிரோடு இருந்தவரை அவர்கள் உள்ளே வரவில்லை. ராஜதுரை என்மேல் கோபப்படவில்லை. வெகுநேரம் மேலே சுற்றும் விசிறியைப் பார்த்தபடி யோசித்தான்.

“ஒருவேள குடிச்சுத்தான் தொலச்சிட்டேனோ, மாப்ள?” என்று என்னையே கேட்டான்.

“வுடுடா” என்றேன்.

சாயங்காலம் நாலு மணிக்குப் போய்விட்டான். கொலை என்று எழுதுகிறீர்கள். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பெண்டாட்டியும் பிள்ளையும் கைவிட்டுப் போன நேரத்தில், கடைசி மூச்சு வரை அவன் கையை விடாமல் பிடித்திருந்தவன் நான் ஒருவன்தான் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், சார்.