வரி என் பேரில், வண்டி அவர் கையில்

பெயர்: மெரியல் பிராதரோ
வயது: 57
தொழில்: ஆரம்பப் பள்ளிச் சமையலறையில் சமையல்
முகவரி: 31, கோலியர் தெரு, க்ளின்வேர், ரோண்டா பள்ளத்தாக்கு, தெற்கு வேல்ஸ்
பதிவு செய்தவர்: காவலர் ஹெலெட்

நான் மேற்கண்ட முகவரியில் என் கணவர் இட்வலுடன் வசித்து வருகிறேன். ஊரில் என்னைச் ‘சாப்பாட்டு மெரியல்’ என்றால்தான் தெரியும். பழைய கார் வாங்கி விற்கும் கிளைவ் ரோஸ்ஸரை ‘கார் கிளைவ்’ என்பார்கள். அவர் எனக்கு விற்ற காரின் பிரேக்கை நான் கெடுத்து வைத்ததாக அவர் கொடுத்துள்ள புகார் சம்பந்தமாக இதைச் சொல்கிறேன். பிரேக்கை நான் தொடவில்லை. டயரில் காற்றை இறக்கியது நான்தான். குற்றம் என்று பதிவானால் குழந்தைகள் இருக்கும் இடத்தில் எனக்கு வேலை கிடையாது என்று தெரியும். அந்தப் பயத்தில் காலையிலிருந்து தண்ணீர்கூட இறங்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

இட்வலுக்கு மூட்டுவலி முற்றி, பேருந்துப் படி ஏற முடியாமல் போனதால், கடந்த மார்ச் மாதம் கிளைவிடம் ஒரு சிறிய நீல நிறக் கார் வாங்கினோம். கிளைவும் இட்வலும் சேப்பலில், அதாவது எங்கள் ஊர்த் தேவாலயத்தில், ஒரே பாடகர் குழுவில் பாடுகிறவர்கள், அதனால் நாங்கள் காரைச் சுற்றிப் பார்த்ததோடு சரி, வேறு எதுவும் கேட்கவில்லை. பதிவுப் புத்தகம் என் பேருக்கு வந்தது, சாலை வரியும் மாதாமாதம் என் வங்கிக் கணக்கிலிருந்து போகும்படி எழுதிக் கொடுத்தேன். அதன் பிறகு இரண்டாவது வாரம், மருத்துவமனையிலிருந்து திரும்பி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி சேப்பல் இறக்கத்தில் வந்துகொண்டிருக்கும்போது பிரேக்கை மிதித்தேன், அது அப்படியே தரைவரை இறங்கிப் போய்விட்டது. பக்கத்தில் இருந்த இட்வல், “என்ன மெரியல், நேரா ரக்பி மைதானத்துக்குள்ள போய் விளையாடப் போறியா?” என்று கேட்டார். “பிரேக் இல்ல இட்வல்,” என்றேன். நான் கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, எப்படியோ மைதானத்து வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். நின்ற பிறகும் அவர் தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கை வலிக்கிற காலால் அழுத்திக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காரை கிளைவிடம் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன். அவர் எனக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு, “பழைய வண்டின்னா கொஞ்சம் கோவிச்சுக்கும் கண்ணு, நாமதான் தாஜா பண்ணி ஓட்டணும். ஏன், இட்வல் பாடறதுக்கே வரதில்ல?” என்றார். அவர் மிதித்துப் பார்த்தபோது பிரேக் கல் மாதிரி நின்றது. பிரேக் எண்ணெய் ஊற்றிக் கொடுத்தார். ஒரு வாரத்தில் அதே இறக்கத்தில் மறுபடி அப்படியே ஆயிற்று. அதன் பிறகு காரை அவர் கடை முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்தி, சாவியையும் பதிவுப் புத்தகத்தையும் அவர் கையில் கொடுத்து, “இத உங்ககிட்டயே விட்டுட்டுப் போறேன் கிளைவ்,” என்றேன். அவர், “புத்தகத்த நான் பாத்துக்கறேன், நீ கவலைய விடு,” என்றார். “பரவாயில்ல, அவசரம் ஒண்ணும் இல்ல,” என்று சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

காரைத் திருப்பித் தருகிறேன், பணத்தைக் கொடுங்கள் என்று ஏன் நேராகச் சொல்லவில்லை என்று காவலர் ஹெலெட் கேட்டார். எங்கள் பக்கத்தில் ஒருவர் நம் காலை மிதித்துவிட்டால் நாம்தான் அவரிடம் மன்னிப்புக் கேட்போம். வயிறு எரிந்தாலும் வாய் பரவாயில்லை என்றுதான் சொல்லும். அதுவும் ஞாயிற்றுக்கிழமை முகத்தைப் பார்க்க வேண்டிய மனிதரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்பது என்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். காவலர் ஹெலெட்டும் இந்தப் பக்கத்துக்காரர்தான், அவருக்கு இது விளங்கும்.

கார் போய்விட்டது, இனி வரி எதற்கு என்று வங்கியில் சொல்லி நிறுத்திவிட்டேன். பணத்துக்கு கிளைவ் இன்று அழைப்பார், நாளை அழைப்பார் என்று இருந்தேன். அவர் அழைக்கவில்லை. அதற்குப் பதில் பதிவு அலுவலகத்திலிருந்து வரி கட்டாத காருக்கு அபராதம் என்று கடிதம் வந்தது. போன் செய்து காரைக் கொடுத்துவிட்டேனே என்றேன். அங்கிருந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். “அது யார் முற்றத்துல நின்னாலும் எங்க கம்ப்யூட்டர்ல உங்க பேர்லதான் நிக்குது மேடம். கை மாறிச்சுன்னா நீங்கதான் எங்களுக்குச் சொல்லியிருக்கணும்,” என்றான். புத்தகத்தைக் கொடுத்தால் எல்லாம் அதோடு போய்விடும் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்வது.

அதன் பிறகு நுகர்வோர் உதவி மையத்துக்குப் பேசினேன். அங்கிருந்த பெண், “வாங்கி ஒரு மாசத்துக்குள்ள கோளாறு தெரிஞ்சா காரைத் திருப்பிக் குடுத்துப் பணத்த வாங்கிக்கலாம் மேடம். ஒரு தடவ ரிப்பேர் பண்ண விட்டு, அப்பவும் சரியாகலேன்னாலும் உங்களுக்கு அந்த உரிமை இருக்கு. ஆனா திருப்பித் தரேன்னு வாயத் தொறந்து சொல்லணும். சொன்னீங்களா?” என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் என்பதைச் சொன்னேன். அவள் உடனே எழுத்தில் கொடுக்கச் சொன்னாள்.

அதன்படி எழுதி எடுத்துக்கொண்டு கிளைவிடம் போனேன். அவர் அதைப் பிரிக்கவே இல்லை. “நான் எங்க திருப்பி வாங்கினேன்? ரிப்பேருக்கு விட்டுட்டுப் போன, அவசரம் இல்லன்ன. உன் வண்டி, உன் வரி,” என்றார். பதிவுப் புத்தகத்தையாவது கொடுங்கள் என்றதற்குத் தேடிப் பார்க்க வேண்டும் என்றார். அவர் வாங்கவில்லை என்கிறபோது வாங்கினார் என்று நான் பதிவு அலுவலகத்துக்கு எழுதினால் அது பொய் ஆகுமோ என்று பயந்தேன். அதன் பிறகு அந்த அலுவலகப் பையன் சொன்ன வழியில், கார் பூட்டிய முற்றத்தில் நிற்கிறது, சாலையில் ஓடாது என்று என் பேரில் உறுதி எழுதிக் கொடுத்தேன். அன்று கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

கடந்த செவ்வாய்க்கிழமை பள்ளி விடும் நேரம், சமையலறையில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாகப் பார்த்தால் அந்த நீலக் கார் பள்ளி வாசலில் வந்து நின்றது. அதிலிருந்து எங்கள் ஊர்ப் பெண் ஷோனெட் இறங்கினாள். பின்னால் குழந்தை உட்காரும் சின்ன இருக்கை கட்டியிருந்தது. அவள் மகள் எலன் இங்கே மழலையர் வகுப்பில் படிக்கிறாள். ஏப்ரனோடு வெளியே ஓடினேன். ஷோனெட், “என் வண்டி ரிப்பேர்ல கெடக்கு ஆன்ட்டி. அது வர வரைக்கும் இத ஓட்டிக்கன்னு கிளைவ் குடுத்தாரு,” என்றாள்.

“இதுல பிரேக் திடீர்னு கீழ போயிடும்மா. ஓட்டாத.”

“நேத்துலேருந்து ஓட்டறேனே, நல்லாதான் போகுது. மெரியலுக்கு பழைய வண்டி பழகல, அதான் பயப்படறாங்கன்னு அவரே சொன்னாரு.”

“இறக்கத்துல போனியா?”

“இன்னும் இல்ல. இப்பதான் போகணும். எனக்கு வேலைக்கு நேரமாச்சு ஆன்ட்டி, வழிய விடுங்க.”

இவளுக்கு நான்தான் இதே பள்ளியில் சாப்பாடு போட்டேன். அப்போதும் யார் சொன்னாலும் பட்டாணியை ஒதுக்கித்தான் வைப்பாள். அவள் எலனைக் கூட்டிவர உள்ளே போனதும், நான் தலை வலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை எடுத்து, மழையில் மண்டி போட்டு, முன் டயர் இரண்டிலும் காற்றை இறக்கினேன். வேறு எதையும் தொடவில்லை, பானெட்டைத் திறக்கவில்லை, திறக்கவும் எனக்குத் தெரியாது. தலைமை ஆசிரியையும் அப்போது என்னைப் பார்த்தார். ஷோனெட் திரும்பி வந்து, “என்ன பண்றீங்க நீங்க?” என்றாள். “காத்த எறக்கறேன்,” என்றேன்.

அவள் கிளைவை அழைத்தாள். அவர் பம்பைக் கொண்டுவந்து, சுற்றி நின்ற தாய்மார்களைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே காற்றை அடித்தார். “சாப்பாட்டு மெரியல் இப்ப மெக்கானிக் ஆயிட்டாங்க, இனிமே கஞ்சிக்கு ஸ்பேனர் போட்டுக் கிண்டுவாங்க,” என்றார். சிலர் சிரித்தார்கள். அதன் பிறகு, “புள்ளய உக்கார வச்சுக் கெளம்பு ஷோனெட்,” என்றார். நான் எலனின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது, அழுகையும் வந்தது, ஆனாலும் விடவில்லை. “இந்தத் தடவ பரவாயில்லன்னு சொல்ல மாட்டேன் கிளைவ். இதுல கொழந்தைய ஏத்த விடமாட்டேன். நல்ல வண்டின்னா நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்து வரேன்,” என்றேன்.

அவர் ஏறினார், நானும் ஏறினேன். இறக்கத்தில் போகச் சொன்னது நான் அல்ல, அவரேதான் அந்தப் பக்கம் திருப்பினார். கியரைக் குறைத்தே வையுங்கள் என்றேன். “எனக்கே ஓட்டச் சொல்லித் தரியா?” என்று சிரித்து, வேண்டுமென்றே பிரேக்கை மிதிப்பதும் விடுவதுமாக வந்தார். சேப்பல் சுவருக்குக் கொஞ்சம் முன்னால் அவர் சிரிப்பு நின்றது. “இரு, இரு, ஒரு நிமிஷம்,” என்று காரிடம் சொல்வதுபோல் சொன்னார். நான் ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். கார் சேப்பல் சுவரை உரசிக்கொண்டே போய், ரக்பி மைதானத்து வாசல் தூணில் மோதி நின்றது. அவர் மணிக்கட்டு முறிந்தது. எனக்கு பெல்ட் அழுத்திய காயம். பின்னால் இருந்த குழந்தை இருக்கை கட்டு அவிழ்ந்து, என் இருக்கையின் முதுகில் தலைகீழாகச் சாய்ந்து கிடந்தது. அதில் யாரும் இல்லையே, இல்லையே என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டதாக ஆம்புலன்சில் வந்தவர் சொன்னார். எனக்கு அது நினைவில்லை.

அதன் பிறகு, டயர் அருகே நான் மண்டியிட்டிருந்ததைப் பலர் பார்த்ததால், பிரேக்கையும் நானே கெடுத்தேன் என்று கிளைவ் புகார் கொடுத்ததாக அறிகிறேன். காரை காவல்துறையினர் சோதனைக்காக எடுத்துப்போய் வைத்திருக்கிறார்கள்.

நேற்று மதியம் அவர் கையில் கட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். இட்வல் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தார். கிளைவ், “நடந்தது நடந்துபோச்சு கண்ணு. உன் பணத்த முழுசாத் தரேன். கார இன்னிக்கே என் பேருக்கு மாத்திக்கறேன், வரி அபராதம் எல்லாம் என் தலையில. புகாரையும் வாபஸ் வாங்கிடறேன். பிரேக்ல கோளாறு இல்ல, டயர்ல காத்து கம்மியா இருந்ததால வண்டி தடுமாறிச்சுன்னு மட்டும் எழுதிக் குடுத்துரு,” என்றார். காகிதத்தைத் தயாராகக் கொண்டுவந்திருந்தார். இட்வல் என்னைப் பார்த்து, “போட்டுத் தொலையேன் மெரியல். நீ படுத்துத் தூங்கிப் பாத்தே ரொம்ப நாளாச்சு,” என்றார். எனக்கும் போட்டுவிட ஆசைதான். பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன். பேச்சுவாக்கில், காரை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

“முன்னாடி ஒரு விளக்கு, கதவுல கொஞ்சம் பெயின்ட். ஒரு வாரத்துல வெளிய போயிரும்.”

“யாருக்கு?”

“நமக்குத் தெரிஞ்சவங்களுக்கு இல்ல, பயப்படாத. கார்டிஃப்ல எவனாவது வாங்குவான்.”

பேனாவை மேசையில் வைத்துவிட்டு, அவரை வெளியே போகச் சொன்னேன். என் வீட்டிலிருந்து ஒருவரை நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. இட்வல் அன்று மாலை வரை என்னோடு பேசவில்லை.

இறக்கத்தில் மிதித்து மிதித்துச் சூடேறினால்தான் இந்த பிரேக் விடுவதாகத் தெரிகிறது, சூடு இல்லாதபோது நன்றாகவே பிடிக்கும் என்பதால் சோதனையில் கோளாறு தெரியாமலும் போகலாம், அப்படிப் போனால் என் மேல் உள்ள புகார் நிற்கும் என்று காவலர் ஹெலெட் விளக்கினார். என் பேரில் இருக்கும்வரை காரை கிளைவிடம் கொடுக்க மாட்டார்கள் என்றும், ஆனால் அதை நிறுத்தி வைத்திருக்கும் கட்டணமும் அதன் பேரில் வரும் மற்ற அபராதங்களும் என்னைத்தான் சேரும் என்றும் சொன்னார். எல்லாம் புரிந்தது. பயமாகத்தான் இருக்கிறது. இத்தனை நாளும் அந்தக் காரிலிருந்து என் பெயரை எடுங்கள் என்று பார்த்தவரிடமெல்லாம் கெஞ்சினேன். இப்போது எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சோதனைக்காரர் எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கட்டும். பார்த்து முடிந்ததும் அதை நசுக்கிப் போட நான் கையெழுத்துப் போடுகிறேன். அது நசுங்கும்வரை என் பேரிலேயே இருக்கட்டும்.

மேலே உள்ளது முழுவதையும் காவலர் ஹெலெட் எனக்குப் படித்துக் காட்டக் கேட்டேன். யாரும் சொல்லிக் கொடுக்காமல், யாருக்கும் பயந்து மாற்றாமல், நடந்ததை நடந்தபடி நானே சொன்னேன், எல்லாம் உண்மை.

(ஒப்பம்) மெரியல் பிராதரோ

என் முன்னிலையில்: காவலர் ஹெலெட்