எட்மண்ட் ஏன் சிரித்தார்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் நம் பாதசாரிகள் மன்றத் தலைவர் ஞானசேகரன் அவர்களே, எனக்கு முன் பேசி ஆளுக்கு அரை யுகம் எடுத்துக்கொண்ட மேடைப் பெரியோர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எட்மண்டின் துணைவியார் பிலோமினம்மாள் அக்கா அவர்களே, அவர்கள் மகளே அபிகேல், ஏர்கான் குளிரில் விறைத்தபடி கோப்பி எப்போது வரும் என்று காத்திருக்கும் அன்பர்களே, வணக்கம்.

நான் மருதப்பன். லிட்டில் இந்தியா உணவகங்களுக்கு வேனில் வாழையிலை கொண்டுபோய்ப் போடுபவன். இந்த மன்றத்தின் துணைத்தலைவன். மூன்று வாரத்துக்கு முன் தேக்கா பக்கம் சாலையைக் கடக்கும்போது அடிபட்டு மறைந்த எட்மண்ட் அவர்களுக்கு இருபத்தாறு ஆண்டு நண்பன்.

கூட்டம் தொடங்குமுன் இந்த மாடிச் சன்னலில் நின்று கீழே பார்த்தேன். உங்களில் ஒன்பது பேர், வரிக்குதிரைக் கோட்டுக்குப் பத்தடி தள்ளி, பேருந்துக்கும் லாரிக்கும் நடுவே குறுக்கே ஓடி வந்தீர்கள். ஒருவர் கையில் மலர்வளையம் வேறு. எட்மண்டுக்கு அஞ்சலி செலுத்த இப்படியா வருவது? அவர் மட்டும் பார்த்திருந்தால் கல்லறையை உதறிக்கொண்டு எழுந்து வந்து, ஒன்பது பேரையும் எதிர்ப்பக்கம் திருப்பி அனுப்பி, ஒழுங்காகக் கடந்து வாருங்கள் என்று நிற்கவைத்திருப்பார். மலர்வளையத்தைக் கடைசியாக வாங்கியிருப்பார்.

யார் இந்த எட்மண்ட்? வரிக்கோட்டு வேந்தர் என்று இந்த மன்றம் பட்டம் கொடுத்துப் பொன்னாடை போர்த்தியதே, அந்த எட்மண்ட். முப்பத்தோரு ஆண்டு கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். இந்தத் தீவில் ஓடும் வண்டிகளில் பாதியை ஓட்டுகிறவர்கள் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப் பாதி வாங்காதவர்கள். அதனால்தான் சாலை இந்த லட்சணத்தில் இருக்கிறது.

சந்திப்பில் வலப்பக்கம் திரும்பும்போது பச்சை விழுந்துவிட்டால் போதும், நாமெல்லாம் குதிரைப் பந்தயத்தில் கதவு திறந்த மாதிரிப் பாய்வோம். அதே நேரத்தில் நடப்பவர்களுக்கான விளக்கில் எரியும் பச்சை மனிதனை நம்பி ஒருவர் நடந்துகொண்டிருப்பார் என்பது நினைவிருக்காது. எட்மண்ட் மாணவர்களிடம் சொல்வார்: "பச்சை உன்ன போன்னு சொல்லல. போகலாமான்னு பாருன்னு சொல்லுது." குவீன்ஸ்டவுனில் அவர் குடியிருந்த அடுக்குமாடிப் புளோக்குக்கு எதிரே உள்ள சந்திப்பில், திரும்பும் வண்டிகளுக்குத் தனியாகச் சிவப்பு அம்பு வேண்டும் என்று ஆறு ஞாயிற்றுக்கிழமை பிளாஸ்டிக் முக்காலி போட்டு உட்கார்ந்து, நடப்பவர்களை உரசிக்கொண்டு போன வண்டிகளை எண்ணினார். பதினோரு கடிதம் எழுதினார். அம்பு வந்தது. வந்த அன்று ஒரு பொட்டலம் கோப்பியை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சிக்கொண்டு, அது நாற்பது தடவை சிவந்து அணைவதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். அக்காவைப் பெண் பார்க்கப் போனபோதுகூட அவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டார்.

நாம் வரிக்கோட்டில் கடக்கும்போது நின்ற வண்டிக்குக் கையை உயர்த்தி நன்றி சொல்வோம். எட்மண்ட் சொல்லமாட்டார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "என்னைக் கொல்லாம விட்டதுக்கு நன்றியா? அப்ப முப்பது வருஷமா எனக்குச் சமைச்சுப் போடறவளுக்கு நான் தினமும் கால்ல விழணும்லா" என்றார். பிறகு சிரிக்காமல் சொன்னார், வழி அவன் கொடுப்பதில்லை, அது நடப்பவனுடையது, அவன் வேலை நிற்பது மட்டும் என்று.

அவர் கடக்கிற அழகைப் பார்த்திருக்கிறீர்களா? முதல் வண்டி நின்றதும் இறங்குவார். அந்த வண்டியின் மூலை வரை போவார். அங்கே நின்று, ஆமை ஓட்டிலிருந்து தலை நீட்டுவதுபோல் நீட்டி, அடுத்த தடத்தில் என்ன வருகிறது என்று பார்ப்பார். பிறகுதான் அடுத்த அடி. அவர் ஒரு சாலையைக் கடந்து முடிப்பதற்குள் உட்லண்ட்ஸ் எல்லைப் பாலத்தில் பள்ளி விடுமுறைக் கூட்டத்தோடு நின்று ஜோகூர் போய்ப் புரோட்டா தின்றுவிட்டுத் திரும்பி வந்துவிடலாம். இப்படிச் சொல்லித்தான் அவரை இருபத்தாறு ஆண்டு கேலி செய்தேன். சிரிக்கிறீர்கள். அவரும் சிரிப்பார்.

இனி நீங்கள் சிரிக்க வேண்டாம்.

இவ்வளவு கவனமான மனிதர் எப்படி அடிபட்டார்? இந்தக் கேள்விக்கு இந்த ஊரே பதில் கண்டுபிடித்துவிட்டது. என் வேனின் கேமராவில் பதிவான பன்னிரண்டு விநாடிக் காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். மோதிய வண்டியின் எண்ணை யாராவது கண்டுபிடிப்பார்கள் என்று நான்தான் அதை மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எண் கிடைத்தது, ஆளும் பிடிபட்டான். ஆனால் சாயங்காலத்துக்குள் செவ்வாய்க் கிரகத்தில் இருப்பவன்கூடப் பார்த்துவிட்டான். அதில் எட்மண்ட் என் வேனுக்கு முன்னால் நடக்கிறார். சாலையைப் பார்க்கவில்லை. கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். விரலை ஆட்டுகிறார். அப்படியே அடுத்த தடத்தில் கால் வைக்கிறார்.

கீழே என்னென்ன எழுதினார்கள்? பிளர் அங்கிள், சுற்றி நடப்பதே தெரியாத ஆள் என்றான் ஒருவன். யாருக்கோ டாட்டா காட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்துவிட்டார் என்றாள் ஒருத்தி. பிறருக்குப் பாடம் எடுத்தவர் தனக்கு எடுத்துக்கொள்ளவில்லையே என்று எழுதியவர் இந்த அறையில் மூன்றாவது வரிசையில் இருக்கிறார். போன வாரம் மோதியவனின் வழக்கறிஞரிடமிருந்து அக்கா வீட்டுக்குக் கடிதம் வந்திருக்கிறது. பாதசாரியின் கவனக்குறைவு என்று அதில் இருக்கிறது. முப்பத்தோரு ஆண்டு கவனத்தைத் தவிர வேறெதையும் கற்றுக்கொடுக்காத மனிதரின் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சொல்.

மருத்துவமனை வாசலில் அபிகேல் என்னைக் கேட்டாள், "அங்கிள், அப்பா எதுக்குச் சிரிச்சாரு?" "தெரியலையேம்மா" என்றேன்.

அபிகேல், எனக்குத் தெரியும்.

அன்று வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணி. ஒருவழிச் சாலை, இரண்டு தடம். நான் இடது தடத்தில் வந்தேன். வரிக்கோட்டுக்கு முன் எட்மண்ட் நிற்பதைப் பார்த்தேன். நிறுத்தினேன். அதோடு என் வேலை முடிந்தது. நான் முடித்துக்கொள்ளவில்லை. இந்த வாய் சும்மா இருந்ததில்லை, உங்களுக்குத் தெரியும். சன்னலை இறக்கி, "மாமன்னர் எட்மண்ட் வருக, அடியேன் வழிவிட்டேன்" என்று கத்தினேன். தலையைக் குனிந்து, கையை அகல விரித்து, அரண்மனைக் காவலன் மாதிரி வாருங்கள் என்று காட்டினேன்.

அவர் மாணவர்களுக்கு மூச்சுக்கு ஒரு தடவை சொன்னது என்ன? யாருக்கும் கை காட்டாதே. "உன் தடத்துக்குத்தான் நீ முதலாளி. பக்கத்துத் தடத்துல என்ன வருதுன்னு உனக்கே தெரியாது. தெரியாத இடத்துக்கு ஒரு ஆள வா வான்னு கூப்பிடுவியா?" நான் கூப்பிட்டேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கை காட்டாதேடா என்று விரலை ஆட்டினார். அது டாட்டா இல்லை, அபிகேல். அது திட்டு. என்னைத் திட்டிக்கொண்டே வந்ததில் வேனின் மூலையில் நிற்க மறந்தார். வாழ்நாளில் ஒரே ஒருமுறை. என் வேனைத் தாண்டிக்கொண்டு, வரிக்கோட்டுக்கு முன்னால் போட்டிருக்கும் நெளிகோட்டில் முந்தக்கூடாது என்ற சட்டத்தை மிதித்துக்கொண்டு, வலப்பக்கம் இன்னொருவன் வந்தான்.

அவன் செய்தது அவன் கணக்கு. அவனுக்கு நீதிமன்றம் இருக்கிறது. என் பங்கை அவன் வண்டியில் ஏற்றி அனுப்பிவிடலாம் என்று மூன்று வாரம் பார்த்தேன். போலிசிடம் இரண்டே வாக்கியம் சொன்னேன்: நான் நிறுத்தினேன், அவர் நடந்தார். இரண்டும் உண்மை. அரிச்சந்திரனே வந்து கையெழுத்துப் போடலாம். கேமரா வெளியே பார்க்கிறது. உள்ளே இருந்த கையை அது பார்க்கவில்லை. ஒலியும் இல்லை. நான் பாடுவதை ஒருமுறை கேட்ட என் மனைவி ஒலிப்பதிவை அணைத்துவைக்கச் சொன்னதிலிருந்து அது அணைந்தே இருக்கிறது. இப்படி எல்லாச் சாட்சியும் எனக்குச் சாதகமாக இருந்தது. அதில் குளிர்காய்ந்துகொண்டு, நண்பனைக் கவனக்குறைவானவன் என்று ஊர் பேச, நானும் உச்சுக் கொட்டினேன். சவப்பெட்டியையும் தூக்கினேன்.

இன்று காலை போக்குவரத்துப் போலிசுக்குப் போய் மீதியைச் சொல்லி எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் இங்கே வந்தேன். அக்கா, உங்களிடம் முதலில் வந்திருக்க வேண்டும். வாசல் வரை வந்தேன், இரண்டு முறை. மணியை அடிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லி இந்தக் கூட்டத்துக்கு முன்னால் உங்களை நெருக்கமாட்டேன். துணைத்தலைவர் பதவிக்கு வேறு ஆளைப் பாருங்கள், தலைவர் அவர்களே.

எட்மண்டின் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன் பேசிய நால்வரும் சூளுரைத்தார்கள். சிலை வைப்போம் என்றார் ஒருவர். சிலை நிற்கும், நாம்தான் நிற்கமாட்டோம். என்னால் செய்ய முடிவதைச் சொல்கிறேன். இனி எந்த வரிக்கோட்டிலும் என் வேன் நிற்கும்; என் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கும்; ராஜா போனாலும் ரிக்‌ஷாக்காரன் போனாலும் வாய் திறக்கமாட்டேன். எட்மண்ட் இந்த மன்றத்தில் ஆரம்பித்த சனிக்கிழமைச் சாலைப் பாதுகாப்பு வகுப்பில் அவர் பாடத்தைச் சொல்ல ஆள் வேண்டும் என்றால், கை காட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல என்னைவிடத் தகுதியானவன் இந்தத் தீவில் இல்லை.

ஒரே ஒரு வேலை பாக்கி. ரமணன், நீதானே அந்தக் காணொளியை முதலில் வெளியே அனுப்பியது? உன்னைக் குறை சொல்லவில்லை, கொடுத்தவன் நான். போனை எடு. அங்கிருந்து வேண்டாம், முன்னால் வா. முகமும் கையும் சேர்ந்து தெரிய வேண்டும். ஒலி வேலை செய்கிறதா பார்.

என் பெயர் மருதப்பன். அந்த வேனை ஓட்டியவன். எட்மண்ட் கவனமில்லாமல் கடக்கவில்லை. அவரைக் கூப்பிட்டது இந்தக் கை.

போதும், அனுப்பு. அன்றைக்கு அனுப்பிய அத்தனை பேருக்கும்.