ஆறு மணி வரைக்கும்

இந்த நாற்காலி நல்ல நாற்காலி, ஐயா. தேக்கு. எங்கள் அப்பா இருந்திருந்தால் உட்காருவதற்கு முன்னால் விலை கேட்டிருப்பார். விற்பதற்கில்லை என்று நீங்கள் சொன்னாலும் கேட்டிருப்பார். அவர் மாட்டுத் தரகர். பெரம்பலூர் சுற்றுவட்டாரத்தில் எந்தச் சந்தையிலும் அவர் தோள் துண்டுக்கு ஒரு மரியாதை உண்டு. துண்டுக்கு அடியில் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள், பார்த்திருப்பீர்கள். வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. விரலை அழுத்தியாயிற்று என்றால் பேச்சு முடிந்தது. மாடு வீடு போய்ச் சேருவதற்குள் செத்து விழுந்தாலும் மாறக்கூடாது.

நானும் அந்த வீட்டுப் பிள்ளைதான். பெயர் நல்லதம்பி, வயது முப்பத்தெட்டு. ஃபேஸ்புக்கில் 'அரியலூர் அலசல்' என்று ஒரு பக்கம் நடத்துகிறேன். உங்கள் வீட்டிலும் பார்ப்பார்கள். இல்லை என்றால் நம்ப மாட்டேன். குழாயில் தண்ணீர் வராத தெருவைப் படம் எடுத்துப் போட்டேன், தண்ணீர் வந்தது. அன்றைக்கு யாரும் என்னைக் கூப்பிட்டு நாற்காலி போடவில்லை.

நான் பொய் பரப்பியதாகப் புகாரில் எழுதியிருக்கிறது. நீங்களே பதிவை எடுத்துப் பாருங்கள். ஒரு படம். மொபெட்டில் ஐம்பது வயதுக்கு மேலே ஒரு ஆள். பின்னால் பெரிய சாக்கு மூட்டை. அவர் நீட்டும் பலூனை ஒரு சின்னப் பெண் குழந்தை வாங்குகிறது. மேலே நான் எழுதியது இரண்டே சொல்: "மூட்டையில் என்ன?"

இதில் பொய் எங்கே இருக்கிறது? கேள்வியில் பொய் இருக்க முடியாது, ஐயா. அப்பாவும் வாயால் விலை சொல்லவே மாட்டார். "என்ன போகும்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்பார். விலை எதிராளி வாயிலிருந்து வரும். என் பக்கத்திலும் அப்படித்தான் வந்தது. 'பிள்ளை பிடிக்கிறவன்' என்று முதலில் எழுதியவர் துபாயில் வேலை பார்க்கிற ஜெயங்கொண்டத்துக்காரர். 'கிட்னிக்காக' என்று எழுதியவர் ரிட்டையர்டு வாத்தியார். திருமானூர்ப் பக்கம் இந்த வண்டியைப் பார்த்தேன் என்று இன்னொருவர். நான் எதையும் எழுதவில்லை. அவர்கள் எழுதியதை அழிக்கவில்லை, அவ்வளவுதான். நான் அழித்திருந்தால் கருத்துச் சுதந்திரத்தை நெரித்தான் என்று அதற்கும் ஒரு புகார் வந்திருக்கும்.

படத்துக்குக் கீழே ஜவுளிக்கடை விளம்பரம் இருக்கிறதே, அது பழனிவேல் அண்ணனுடையது. பெரம்பலூரில் கடை. இரண்டு வாரத்துக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு நிற்கவைத்துக் கேட்டார்: "தம்பி, நீ தேரப் போடுற, தண்ணித் தொட்டியப் போடுற. ஈ காக்கா எட்டிப் பாக்கல. இதுல என் கடைய எவன்டா பாப்பான்?" நியாயமான கேள்வி. அதனால் ஆடித் தள்ளுபடியின் கடைசி நாளுக்கு ஒரு ஏற்பாடு பேசினோம். சனிக்கிழமை மாலை ஆறிலிருந்து ஞாயிறு மாலை ஆறு வரைக்கும் என் பக்கத்தில் முதலாவதாக நிற்கிற பதிவில் அவர் கடை இருக்கும். எந்தப் பதிவு என்பது என் பொறுப்பு. அவர் கல்லாவில் கிடந்த துண்டையே எடுத்துப் போட்டு, சிரித்துக்கொண்டே விரல் பிடித்தார். நானும் அழுத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு அரியலூரில் என் ஆபீசுக்கு அம்மாக்கண்ணு வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை.

"சார், அது எங்க வூட்டுக்காரரு சார். முருகையன்னு பேரு. சிக்குமுடி வாங்குறவரு. முடியக் குடுத்தா சீப்பு, கிண்ணம் குடுப்பாரு. மூட்டையில முடிதான் சார் இருக்கு." பையிலிருந்து ஒரு கற்றை முடியை எடுத்து மேசையில் வைத்தார். "அவருகிட்ட போன் கிடையாதுங்க. காலையிலயே திருமானூர்ப் பக்கம் போயிட்டாரு. எப்படிச் சொல்றதுன்னே தெரியல. நீங்க எடுத்துட்டா போதும் சார்."

நான் மனிதத்தன்மை இல்லாதவன் இல்லை. டீ வாங்கிக் கொடுத்தேன். முடியைக் கையில் பிடித்துக்கொண்டு அதையே மறுபடி சொல்லச் சொல்லி வீடியோ எடுத்தேன். திக்காமல் பேசினார். இன்றைக்கே போட்டுவிடுகிறேன் என்றேன்.

"எப்ப சார்?"

"ஆறு மணிக்கும்மா."

"இப்ப பதினொண்ணுதான சார் ஆவுது?"

விளம்பரம், பேச்சு, துண்டு எல்லாம் விளக்கினேன். அவருக்குப் புரியவில்லை. முடியைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

போனவர் நேரே பெரம்பலூர் பஸ் ஏறியிருக்கிறார். புருஷன் படத்துக்குக் கீழே ஜவுளிக்கடை படம் இருந்ததால், கடைக்காரர்தான் போட்டார் என்று நினைத்துவிட்டார். விளம்பரம் வேறு, செய்தி வேறு என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? கடை வாசலில் நின்ற பெண் அவர் கையிலும் ஒரு தள்ளுபடிச் சீட்டைக் கொடுத்தாளாம்.

விளம்பரக்காரர் பிடித்துக்கொண்டு விடவில்லை, அதனால்தான் எடுக்க முடியவில்லை என்று நேற்று உங்கள் எஸ்.ஐ.யிடம் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். எப்படியும் போன் பேச்சுகளை எடுத்துவிடுவீர்கள். மூன்று மணிக்குப் பழனிவேல் அண்ணன் கூப்பிட்டார்.

"டேய், அந்தம்மா கடை வாசல்ல உக்காந்து அழுவுதுடா. அந்தக் கருமத்த எடுத்துத் தொல."

"ஆறு மணி வரைக்கும்னு பேசினோமேண்ணே."

"பேசினது நான்தானடா? நானே வேணாங்கிறேன்."

"துண்டுக்கடியில பேசினதுண்ணே."

"துண்டாவது மண்ணாவது. எடுக்கிறியா இல்லியா?"

கேட்கவில்லை, சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன். அப்போது அந்தப் பதிவை ஏழு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். என் தண்ணீர்த் தொட்டியை ஏழாயிரம் பேர்கூடப் பார்த்ததில்லை. வளர்கிற பயிரை ஆறு மணிக்கு அறுக்கலாம் என்றால் மூன்று மணிக்கு எவன் அறுப்பான்?

நான்கு மணிக்குத் திருமானூர்ப் பக்கம் வாய்க்கால் ரோட்டில் ஊர்க்காரர்கள் முருகையனை நிறுத்தியிருக்கிறார்கள். என் கேள்வியையே கேட்டிருக்கிறார்கள், "மூட்டையில என்னடா?" முடி என்று உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். பிரித்துப் பார்த்தார்கள். நீளநீளமாகப் பெண்களின் முடி. அதற்குப் பிறகு யாரும் எதையும் கேட்கவில்லை. பிரேதப் பரிசோதனை அறிக்கை உங்கள் மேசையில் இருக்கிறது. நான் படிக்க வேண்டாம்.

படத்தை யார் அனுப்பியது என்று கேட்டீர்கள். விக்கிரமங்கலத்திலிருந்து சிவரஞ்சனி, அந்தக் குழந்தையின் அம்மா. கூடவே குரலும் பேசி அனுப்பியிருந்தாள். அழிக்கவில்லை, கேட்டுக்கொள்ளுங்கள். "அண்ணா, முடி வாங்க வர்ற பெரியவரு எங்க பாப்பாவுக்குச் சும்மாவே பலூன் குடுத்தாருண்ணா. முடிகூடக் கேக்கல. நல்ல மனுசன்னு உங்க பக்கத்துல போடுங்கண்ணா."

அப்படிப் போட்டால் யார் பார்ப்பார்கள், ஐயா? நல்ல மனுஷனை நம் ஊரில் யாரும் நின்று பார்ப்பதில்லை. அதனால் கேள்வியாகப் போட்டேன். மூட்டையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். விடை தெரிந்தவன் கேள்வி கேட்கக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. இருந்தால் காட்டுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

கடைசியாக ஒன்று, அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அவர் இறந்துபோனது நாலரை மணிக்கே எனக்குத் தெரியும். அம்மாக்கண்ணுவின் வீடியோ தயாராகப் போனில் இருந்தது. கை பரபரத்தது. வேறு எவனாக இருந்தாலும் அவசரப்பட்டிருப்பான். நான் உட்கார்ந்திருந்தேன். கொடுத்த வாக்குப்படி, சரியாக ஆறு மணிக்கு மறுப்பைப் போட்டேன்.

ஒரு நிமிடம்கூடப் பிந்தவில்லை.