ஏழு வயது மூத்த பெண்சாதி

மார்க்கம் ரோட் பஸ்ஸிலை எனக்கு முன் சீற்றிலை ரெண்டு பொம்பிளையள். சிவப்புத் தொப்பி போட்டவ சொன்னா, "நான் ஒருத்தியின்ரை வயதிலை பத்தைக் குறைச்சுப்போட்டன்."

அவ பழைய கனடாக் குடிசன மதிப்பீட்டுத் தாள்களைப் பாத்துக் கொம்பியூட்டரிலை பதியிறவவாம். தங்கடை பரம்பரையைத் தேடுற சனத்துக்காகச் சம்பளமில்லாமல் செய்யிற வேலை.

"ஏன் அக்கா குறைச்சனீங்கள்?"

"புருஷனுக்கு முப்பத்தொண்டு, அவவுக்கு முப்பத்தெட்டு. பாக்க வடிவாயில்லை. இருபத்தெட்டாக்கினன்."

"அப்ப பிள்ளையள்?"

"மூத்தவனுக்குப் பதினாலு. தாயின்ரை வயதுக்கு ஒத்துவராது எண்டு எல்லாருக்கும் ஆறு ஆறு குறைச்சன். கடைசிப் பெட்டைக்கு ரெண்டு வயது. ஆறைக் குறைச்சா அது இன்னும் பிறக்கேல்லை. அதாலை எழுதாமல் விட்டிட்டன்."

"ஐயோ அக்கா!"

"இப்ப அந்தப் பெட்டையின்ரை பேத்தி, அம்மம்மாவைக் காணேல்லை எண்டு எழுதியிருக்கிறா. இண்டைக்குள்ளை திருத்தாட்டி என்னை நிப்பாட்டிப் போடுவினமாம்."

"இருந்தபடி திருத்திவிடுங்கோவன். செத்துப்போன சனம். ஆர் உந்த வயதைப் பாக்கப் போயினம்?"

நான் இறங்கிற இடம் வந்தது. மணி அடிக்கேல்லை.

சிவப்புத் தொப்பிக்காரி குரலைத் தாழ்த்தினா.

"அந்தத் தாளிலை அடுத்த வரியிலை அவவின்ரை மாமியார் இருக்கிறா. ஒரே வீடு."